மாலை போட்ட எஞ்சின்

ஹவுரா பட்டறையில் விஸ்வகர்மா பூஜை, அந்த ஊர் ஆயுதபூஜை. தகரக் கூரைக்கு மேலே பட்டங்கள் பறக்க, கீழே சிவப்பு நிறப் பழைய இத்தாலியக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. பவரைக் கூட்டப் புதிதாகப் பூட்டிய இரண்டு கார்புரேட்டர்கள். காற்றை உறிஞ்சும் நான்கு வாய்களும் மூடியில்லாமல் பளபளக்கின்றன. ஆறு மாதமாக அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் மெக்கானிக் சிங்காரவேலு. ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னவர் கார்க்காரர், அலிப்பூர் ஸ்ரீவத்ஸன். "ஃபில்டர் இருந்தா பவர் போயிடும்ப்பா, புஸ்தகத்துல போட்டிருக்கான்." அந்தப் புத்தகம் புரட்டிய விரலில் ஒரு நாளும் கிரீஸ் பட்டதில்லை. கைரிக்‌ஷாவுக்குப் பின்னால் ஊரப்போகிற வண்டிக்குப் பவராம், பவர்! இப்போது அவர் செண்டுமல்லி மாலையை எஞ்சின் மேலேயே சாத்துகிறார். "மாலையை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சார்." "சாமிக்குப் போட்டதை எடுக்கறதாவது! அபசகுனமாப் பேசாதே." சாவி திரும்புகிறது. எஞ்சின் உறுமுகிறது. மாலை ஒரு துடிப்புத் துடித்து, இதழ் இதழாக நான்கு வாய்களுக்குள்ளும் இறங்குகிறது. பின்னாலேயே நூலும் போகிறது. ஒரு இருமல், கொஞ்சம் புகை, அப்புறம் சத்தமே இல்லை. "என்னப்பா ஆச்சு?" சிங்காரவேலு கையைத் துடைத்துக்கொண்டு பூஜைத் தட்டிலிருந்து ஒரு சந்தேஷ் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். "சாமி ஏத்துக்கிட்டாரு சார்."