ஹெட்லைட் இல்லாத கார்

முந்நூற்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் முத்துவேல் அந்த வளைவுக்குள் நுழைந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நல்லுசாமி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யப்பா, மெதுவாப் போய்யா!" என்று அலறியே விட்டார்.

கார் கோட்டைத் தாண்டாமல் சர்ரென்று திரும்பி நேரானது. முத்துவேல் அசரவில்லை. பின்னால் நின்ற அவன் மனைவி சுகன்யாவுக்குத்தான் போன உயிர் திரும்பி வந்தது.

காராவது, மண்ணாவது! அரியலூரில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில், டிவியில் ஓடிய வீடியோ கேம் அது. கம்ப்யூட்டரையும், ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் வைத்த அந்தச் செட்டையும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்திருந்தான். சத்தத்துக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேறு. அது உறுமிய உறுமலில் அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

நல்லுசாமி பொழுதுபோகாமல் வந்தவர் அல்ல. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றின் பஸ்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. போன மாதம் கல்லங்குறிச்சி ரோட்டில், பட்டப்பகலில், முத்துவேல் பள்ளி பஸ்ஸைக் கொண்டுபோய்ப் பாலத்துச் சுவரில் உரசினான். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் குடித்துவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டி, நல்லுசாமி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

முத்துவேல் குடிக்கிறவன் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி சுகன்யாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இந்த வேலையும் போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அதனால்தான், "ஒருதடவ வூட்டுக்கு வந்து அவரு கையப் பாருங்க சார், நடுங்குதான்னு நீங்களே சொல்லுங்க" என்று கெஞ்சிக் கூத்தாடி அவரை அழைத்து வந்திருந்தாள்.

நல்லுசாமிக்குக் கார் என்றால் உயிர். ஓட்டுவதென்னவோ பழைய மொபெட். செல்போனில் பார்ப்பதெல்லாம் கோடி ரூபாய்க் கார்கள். மனிதர் வந்த வேலையை மறந்து டிவியோடு ஒட்டிக்கொண்டார்.

"இது ரேஸ் மைதானத்துல மட்டும் ஓட்டுற காருல்ல? நம்பர் பிளேட்டே இல்ல பாரு. அட, ஹெட்லைட்டும் இல்ல!"

"ரோட்டுக்கே வராத காருக்கு ஹெட்லைட்டு எதுக்குங்க சார்?" என்றான் முத்துவேல், டிவிக்கு நேராக வைத்த முகத்தைத் திருப்பாமல்.

அடுத்த வளைவு வந்தது. அதற்கடுத்தது வந்தது. ஓரிடத்திலும் உரசல் இல்லை. அவன் உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

"என்னய்யா, வரதராசப் பெருமாளக் கூப்புடறியா?"

"பழக்கம் சார்."

நல்லுசாமி அவன் கைகளை உற்றுப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் துளி நடுக்கம் இல்லை. இருந்தாலும் சந்தேகப்பட்டே பழகிய மனசு சும்மா இருக்குமா?

"இது நல்லாப் பழகின ரோடு போலருக்கு. வேற மைதானம் ஒண்ணு போடு, பாப்போம்."

சுகன்யா குறுக்கே வந்தாள். "இது ஒண்ணுதாங்க சார் அதுல இருக்கு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, காப்பித் தம்ளரை அவர் கையில் திணித்தாள்.

காப்பி தீருவதற்குள் இன்னும் மூன்று சுற்று ஓடி முடிந்தது. நல்லுசாமி முகம் மலர எழுந்தார். "நீ ஓட்டுய்யா, எந்திரிக்காத" என்று முத்துவேல் தோளில் தட்டிவிட்டு வாசலுக்கு வந்தார். சுகன்யா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டாக்டர் சர்டிபிகேட்டு வாங்கியாரச் சொன்னேன்ல? அதெல்லாம் வேணாம்மா. இந்த வேகத்துல இம்புட்டு நிதானமா ஓட்டுறவன் குடிகாரனா இருப்பானா? எம்மேலதான் தப்பு. காலைல ஏழு மணிக்கு வந்து சாவிய வாங்கிக்கச் சொல்லு."

சுகன்யா கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னொரு உதவி சார். அந்த பஸ்ஸுல ஆயா வேலை காலியாத்தான கெடக்கு? என்னையப் போட்டுவுடுங்க. அவரு சீட்டுக்குப் பின்னாலயே உக்காந்துக்கறேன்."

"புருசன் குடிக்காம பாத்துக்கறியாக்கும்?" நல்லுசாமி சிரித்தார். "சரி, ஏறிக்க. எம் பொண்ணு சிந்துவும் அதுலதான் வரா. நாப்பத்தஞ்சு புள்ளைங்க. பத்திரம்."

மொபெட் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றுவிட்டு அவள் உள்ளே வந்தாள். கூடத்தை ஒதுக்கினாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம்தான் கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேலை கெடச்சிருச்சுங்க. நாளைக்கே பஸ்ஸ எடுக்கணுமாம். நானும் கூட வரேன்."

முத்துவேல் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு மாதமாக அவன் அப்படிச் சிரித்ததே இல்லை. சிரிப்போடு ஆக்சிலேட்டரை மிதித்தான். ஸ்பீக்கர் மறுபடி உறுமியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து நேராக்கினான்.

"பாத்தியா சுகன்யா? அந்தச் செவப்புக் கோட்டத் தொட்டும் தொடாம எப்புடித் திருப்பினேன், பாத்தியா?"

அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்டியரிங் மேல் இருந்த அவன் கையை மெல்லப் பற்றினாள்.

"டிவிய அணைச்சு அஞ்சு நிமிசமாச்சுங்க."