சோடா உப்பு போட்டேனா?

வாயில் போட்ட கேக்கை அவன் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடி நின்றான்.

"சொல்லுங்களேன். கசக்குதா?" என்றாள் மனைவி.

"இரு, யோசிக்கிறேன்."

கேக்கைத் தின்றுவிட்டு யோசிக்கிற மனுஷனை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

விஷயம் இதுதான். காலையில் மாவில் சோடா உப்பு போடுகிற நேரம் பார்த்து போன் அடித்தது. பேசியது காபிக் கடைக்கார அம்மாள். சாயங்காலம் வருவதாக இருந்தவர், மத்தியானமே வந்து ருசி பார்த்துவிடுகிறேன் என்றார். பிடித்துப்போனால் இனி தினமும் இவள் வீட்டு கேக்தான் அவர் கடையில். பிடிக்காவிட்டால் அவருக்கு ஆளா இல்லை?

போனை வைத்த கையோடு ஒரு ஸ்பூன் சோடா உப்பைப் போட்டாள். போட்ட பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது, போன் வருவதற்கு முன்பே ஒரு தடவை போட்டுவிட்டோமோ என்று. ரெண்டு தடவை விழுந்திருந்தால் கேக் பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் சோப்பைக் கடித்த மாதிரி கசக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு, தானே ஒரு வாய் தின்று பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது. போன வருஷம் வீட்டையே புரட்டிப் போட்ட காய்ச்சலில் அவளுக்கு வாசனையும் ருசியும் அடியோடு போய்விட்டன. மகள் வீட்டில் தங்கியிருந்த மாமியார் மட்டும்தான் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பினார். அன்றிலிருந்து இவளுக்கு ரோஜாப்பூவும் பினாயிலும் ஒன்றுதான். கேக் சுட்டு விற்கிறவளுக்கு நாக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள்? இனி சரிப்படாது என்று அழுதுகொண்டே ஓவனைத் துணி போட்டு மூடப் போனவளைப் புருஷன்தான் தடுத்தான். நான் எதுக்கு இருக்கேன், என் நாக்கை வெச்சுக்கோ என்றான்.

அந்த விஷயத்தில் தங்கமான மனுஷன். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கேக் பெட்டி மடிப்பான், மூடிமேல் காகிதப் பூ ஒட்டுவான். பூவெல்லாம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், அதைச் சொன்னால் கோபம் வேறு வரும். ஆனால் ருசி சொல்வதில் பிசகியதே கிடையாது. எலுமிச்சை தூக்கலாக இருக்கிறது, வெண்ணெய் போதவில்லை என்று அவன் சொல்லி இவள் மாற்றியதெல்லாம் நன்றாகவே விற்றது.

ஆனால் அவனிடம் இவளுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எதைச் சுட்டாலும் முதல் துண்டு அம்மாவுக்கு. தட்டை எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குள் போனால், அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வெளியே வருவான். அந்த அம்மாளோ இவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கேக்காம், பூவாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், தட்டு மட்டும் துடைத்த மாதிரி திரும்பி வரும். சரியான அம்மாப்பிள்ளை என்று இவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இன்றைக்கு மாமியார் வீட்டில் இல்லை. ரெண்டு தெரு தள்ளி இருக்கும் மகள் வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டார். இன்றைக்காவது முதல் துண்டு நேராக இவன் வாய்க்குப் போயிற்றே என்று பார்த்தால், ஆள் ஃபேன் சுற்றுவதை எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

"கசக்குதா, இல்லையா?"

"கசக்கற மாதிரியும் இருக்கு... இல்லாத மாதிரியும் இருக்கு."

இன்னொரு துண்டை வெட்டிக் கொடுத்தாள். அதையும் தின்றான், தண்ணீர் குடித்தான், நீ என்ன நினைக்கிறே என்று அவளையே திருப்பிக் கேட்டான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள், தெருவைப் பார்த்தாள், அடுக்கி வைத்த பெட்டிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். புதிதாக ஒன்று சுட நேரமில்லை. இதை நம்பி எடுத்து வைப்பதா, ஏதாவது சாக்குச் சொல்லி கடைக்கார அம்மாளை இன்னொரு நாள் வரச் சொல்வதா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

திரும்பிப் பார்த்தால், அவன் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அக்கா வீட்டுக்கு. அம்மாவுக்கு ஒரு துண்டு குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்த்ததை எல்லாம் வரிசையாகக் கொட்டினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அம்மாவை மறந்துவிட்டுப் பெண்டாட்டிக்கு ஒரு பதில் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"என் பொழப்பே இந்தக் கேக்குல நிக்குது. இப்பவும் உங்களுக்கு உங்கம்மாதானா?"

கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே அவன் மெல்லச் சொன்னான்.

"காய்ச்சல்ல எனக்கும் நாக்கு போயிடுச்சு. இத்தனை நாளா ருசி சொன்னது அம்மாதான்."