கேமராவை மறைத்த கை

"பாய், இன்னைக்குச் சாயங்காலம் நீங்க நேரலையில வந்தே ஆகணும். வரலைன்னா மெஸ்ஸுக்குப் பெரிய பூட்டா ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க" என்றாள் சிநேகா.

மஹ்மூது பாய் கல்லாவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காள்மடம் மெயின் ரோட்டில் இருபது வருடமாக மீன் சாப்பாடு போடுகிற மனுஷர். அந்த மெஸ்ஸின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனிப்பது சிநேகாவின் வேலை. ரமலான் பிறந்ததிலிருந்து பாய் தினமும் மாலையில் நேரலைக்கு வந்து, நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு, கஞ்சி குடித்து நோன்பு திறப்பார். அதற்கென்றே நாற்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாம் சிநேகா பாடுபட்டுப் பிடித்த கூட்டம்.

ஒரே ஒரு வீடியோ வந்து அத்தனையையும் கெடுத்தது.

நோன்பு மாதத்தில் வெளியூர் யாத்திரைக்காரர்கள் பகலில் சாப்பிடுவதற்காக, மெஸ் வாசலில் துணித் திரை கட்டிவிடுவது வழக்கம். உள்ளே யார் சாப்பிடுகிறார்கள் என்று ஊரில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மதுரையிலிருந்து வந்த வீடியோக்காரன் ஒருவனுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. "திரைக்குப் பின்னாடி என்ன நடக்குது, பாப்போமா மக்களே?" என்று செல்போனோடு உள்ளே நுழைந்துவிட்டான். சப்ளையர் தாஹா ஓடிவந்து கேமராவைக் கையால் மூடி, அவனை வெளியே தள்ளினார். 'கஸ்டமரை அடிக்கும் மெஸ்!' என்று தலைப்புப் போட்டு அவன் ஏற்றிய வீடியோவை மூன்றே நாளில் பதினொரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சொல்லி வைத்திருந்த யாத்திரை பஸ்கள் ஒன்றுகூட நிற்காமல் போயின.

"தாஹாவ வேலைய விட்டு நிறுத்திட்டேன்னு சொல்லுங்க பாய். எல்லாம் அடங்கிரும்."

"அவன் எங்கன போவான் தாயி? பெருநாள் கழிச்சு மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கான்."

"அப்ப காரணத்தச் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா ஜனங்க மன்னிச்சிருவாங்க. தாஹா அண்ணே, நீங்களாச்சும் வாயத் திறங்க. எதுக்கு அவனப் போட்டு அந்தத் தள்ளு தள்ளுனீங்க?"

தாஹா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். "தள்ளுனது தப்புதாம்மா." சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார்.

சிநேகா வீடியோவை மறுபடியும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கை வந்து மறைப்பதற்கு முந்தின நொடியில், மூலை மேசையில் ஓர் இலை. அதில் பாதி சாப்பிட்ட சோறு. ஆள் படத்தில் விழவில்லை. தாஹா அந்த மூலையிலிருந்துதான் ஓடி வருகிறார். அட கடவுளே! அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அண்ணே, அது உங்க எலையா? நீங்க நோன்பு வைக்கலையா?"

தாஹாவின் கைகள் தண்ணீருக்குள்ளேயே நின்றன. அவர் பாயைப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான்னே வச்சுக்கங்கம்மா" என்றார் தாஹா.

"ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"முடியலைன்னே வச்சுக்கங்க."

பாவம், இதற்காகவா இந்த மனுஷன் இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றார்! கூடவே சிநேகாவின் தொழில் புத்தியும் சுறுசுறுப்பானது.

"போதும்ணே! முடியாதவங்க நோன்பு விடலாம்னு உங்க மார்க்கத்துலயே இருக்குல்ல? முடியாத மனுஷன் சாப்பிடுறத ஊருக்குக் காட்ட வந்தா, யாரா இருந்தாலும் கேமராவ மறைக்கத்தான் செய்வாங்க. பாய் இதச் சொன்னா, ஏசுனவங்களே உங்களுக்காக அழுவாங்க."

"இவனுக்குச் சம்பந்தியாகப் போறவங்க நோன்பு விஷயத்துல ரொம்பக் கண்டிப்பும்மா" என்றார் பாய் மெதுவாக. "ஒளிஞ்சு தின்னான்னு தெரிஞ்சா நிக்காஹே நின்னு போகும்."

தாஹா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முதலாளியை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "சொல்லுங்க காக்கா. இந்த மெஸ்ஸ நம்பிப் பதினாலு குடும்பம் இருக்கு. எம்மக காரியத்த அல்லாஹ் பாத்துக்குவான்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஊரை ஒரு தடவை அழவைத்துவிட்டால் அதன் வாய் தன்னால் அடங்கும் என்பது சிநேகாவின் அனுபவம். பாய் பேச வேண்டியதை எட்டே வரியில் எழுதிக் கையில் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு மேல் போனை ஸ்டாண்டில் பொருத்தினாள். பார்ப்பவர் எண்ணிக்கை மளமளவென்று ஏறி அறுபதாயிரத்தைத் தொட்டது. வசவுகள் வந்து கொட்டின. பாய் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தார். காகிதம் பிடித்திருந்த கை நடுங்கியது. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத உடம்பு, நடுங்காமல் என்ன செய்யும் என்று சிநேகாவுக்கு இரக்கமாக இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். எங்க தாஹா அந்தத் தம்பியத் தள்ளுனது தப்பு. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அன்னைக்கு மூலையில உக்காந்து சாப்பிட்டது..."

நின்றுவிட்டார். சிநேகா ஜாடை காட்டினாள். தாஹாவின் பெயர் ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லிவிட்டால் மெஸ் பிழைத்துக்கொள்ளும்.

பாய் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தாஹா இன்னைய வரைக்கும் ஒரு நோன்பும் விட்டதில்ல மக்களே. சர்க்கரைக்கு ஊசி போடுற ஆளு நோன்பே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத மறைச்சு, தெனமும் உங்க முன்னாடி நோன்பு திறக்குற மாதிரி நடிச்சுக்கிட்டு, அன்னைக்கு ஒளிஞ்சு சோறு தின்னது நான்தான்."