கயிற்றின் மறுமுனை

சிமென்ட் ஆலையின் புகையிலிருந்து தூசியைப் பிடித்து வைக்கும் இயந்திரத்துக்கு அடியில் பெரிய இரும்புத் தொட்டி. அதற்குள் டோடர் இறங்கி, கெட்டிப்பட்ட தூசியைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி பென்கா மேலே உட்கார்ந்திருந்தாள். அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் பதில் சொல்லாவிட்டால் உடனே கயிற்றை இழுக்க வேண்டும். அது ஆலையின் விதி.

“டோடர், உயிரோட இருக்கியா?”

“உன் வாய்க்குப் பயந்து சாவுகூட கிட்ட வரல.”

“காலையில என்ன சாப்பிட்ட?”

“கடையில வாங்கின பனித்சா. சீஸ் வெச்ச பலகாரம்னு பேரு, உள்ள சீஸைத் தேடித் தேடியே தின்னு முடிச்சேன்.”

பென்கா சிரித்தாள். “இருமல் எப்படி இருக்கு?”

“அது ஒண்ணுதான் என்கூட இருக்கு.”

சூப்பர்வைசர் கொலேவ் வந்தார். “என்ன பென்கா, மத்த தொட்டியெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. இவன் இன்னும் தட்டிக்கிட்டே இருக்கானே?”

பென்கா விளக்கை நீட்டிப் பார்த்தாள். சுவரெல்லாம் பளபளத்தது. வெறும் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த டோடர், அகப்பட்ட பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் இருவருக்கும் விவாகரத்து ஆனதிலிருந்து, வெளியே எதிர்ப்பட்டால் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுக்குக் கயிறு பிடிக்கும் வேலையை அவளும் கேட்டுத்தான் வாங்கியிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, சார்.”

கொலேவ் போனதும் உள்ளே குனிந்தாள். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பனித்சா செய்யறேன். சீஸ் நிறையப் போட்டு.”

சுத்தியல் சத்தம் நின்றது. பதில் வரவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

விதிப்படி, பென்கா கயிற்றை இழுத்தாள்.