வெண்கல மணியின் புதுக்குரல்

வடக்கே பனி கொட்டும் தேசத்தில், எல்லை ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். மேட்டில் கோட்டை, கீழே மரவீடுகள், நடுவே மரக்கோபுரத்தில் ஒரு வெண்கல மணி. காலையில் மணி ஒருதரம் சிரித்தால் போதும், பிள்ளைகள் கையில் ரொட்டியோடு பள்ளிக்கு ஓடிவந்துவிடும். அதில் மணிக்கு அப்படியொரு பெருமை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எதிரி ஆற்றைத் தாண்டினால் மணி அடிக்கும். பனியில் அவன் ஒதுங்க ஒரு கூரைகூட இருக்கக்கூடாதென்று, சனங்கள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீவைத்துவிட்டுக் கோட்டைக்குள் ஏறிவிடுவார்கள்.

ஒரு விடியலில் எதிரி வந்தான்.

"தங்கச்சி, நீ அடிச்சா உன் கோபுரமும் சேர்ந்துல்ல எரியும்!" என்று பதறியது கோட்டைக் கதவு.

"அடிக்காட்டி பிள்ளைங்க தூக்கத்திலேயே மாட்டிக்குமே அண்ணே! நீ எப்பவும்போல முனகிக்கிட்டு நிக்காம சட்டுனு திற" என்ற மணி, தொண்டை கிழிய அடித்தது. ஊரே எரிந்தது. பிள்ளைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

பனி உருகியதும், சாம்பலில் கிடந்த வெண்கலக் கட்டியை மேலே தூக்கிப்போய்ப் பீரங்கியாக வார்த்தார்கள்.

"நீயா தங்கச்சி?" என்றது கதவு.

"நானேதான். இரு, பிள்ளைங்களைக் கூப்பிடுறேன்."

சோதித்துப் பார்க்க ஒரு சிப்பாய் திரியைப் பற்றவைத்தான். பீரங்கி ஆசையாய் வாய் திறந்தது. முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, அலறியபடி வெளியே ஓடின.

"என் குரல் அதுங்களுக்கு மறந்துபோச்சா அண்ணே?"

கதவு கடைசிப் பிள்ளை போகும்வரை திறந்தே நின்றது.