யாரைக் கேட்டு?

மனைவி ஆபீஸில் போனைப் பார்த்துப் பூரித்துப்போனாள். கணவர் போனில் அவள் போட்டிருந்த ஆப், வீட்டிலிருக்கும் அவர் எவ்வளவு நடக்கிறார் என்பதை உடனுக்குடன் அவளுக்குச் சொல்லிவிடும்.

"இன்னைக்கும் ஓட்டமும் நடையுமா இருக்காரு, அக்கா! சர்க்கரை இறங்கலேன்னா இன்சுலின் ஊசிதான்னு டாக்டர் மிரட்டினது வேலை செய்யுது," என்றாள் பக்கத்து மேஜைக்காரியிடம்.

பாராட்டலாமென்று சீக்கிரமே வீடு திரும்பினால், கணவர் சோபாவில் சாய்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் நாய் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தது. நாயின் கழுத்தில் கட்டிய பைக்குள் அவர் போன்.

"ஏங்க, என்னை ஏமாத்த ஒரு வாயில்லா ஜீவன் கழுத்துலயா கட்டுவீங்க?"

"நான் தூங்கறப்போ என் கட்டைவிரலைப் பிடிச்சு அந்த ஆப்புல 'சம்மதம்'னு அழுத்தினியே, என்னைக் கேட்டியா? நான் நாயைக் கேட்டுட்டுத்தான் கட்டினேன். அது வாலாட்டிச்சு."