பிரான்சுக்குப் பறக்கும் உப்புக் குவியல்

மரக்காணம் உப்பளத்தில் மதியக் கஞ்சி வேளை. வானத்தில் ஒரு சூரியன்தான்; கீழே பாத்திக்கு ஒன்றாக நானூறு எரிகின்றன. உப்புக் குவியலின் மேல் கோணி விரித்து லூர்துமேரி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் எட்டு மாத மகன். இவன் வாயைத் திறந்து அழுதால் வானூர் தாலுகா ஆபீசில் பேனாக்கள் மேசையை விட்டு உருளும். பக்கத்தில் மூன்று வயது ஸ்டெல்லா. விமான பெல்ட்டுக்குப் பதிலாக மூவரையும் சுற்றி ஒரு தாம்புக் கயிறு. பிரான்சில் வேலை பார்க்கும் கணவன் மரியதாஸ் கடிதத்தில் எழுதியபடியே ஒத்திகை நடக்கிறது: அடுத்த மாதம் விமானம். ஏறும்போது காது அடைக்கும், பிள்ளைக்குப் பால் கொடு. மகன் முகத்தை அவன் இன்னும் பார்த்ததில்லை.

பைலட், கூட வேலை செய்யும் பொன்னம்மாள். உப்பு வாரும் பலகையைத் தலைக்கு மேல் சுழற்றி அவள் உறுமுகிற உறுமலில் எக்கியார்குப்பம் வரைக்கும் ஒரு கொக்கு மிச்சமில்லை. "ஏறுது, ஏறுது! பால குடுடி!" மகன் குடிக்கிறான். ஸ்டெல்லா, சொல்லிக் கொடுத்தபடி கண்ணை இறுக மூடியிருக்கிறாள். சுற்றி நிற்கும் பெண்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறார்கள். "எறங்கிடுச்சி!" பொன்னம்மாள் பலகையை ஊன்றுகிறாள்.

ஸ்டெல்லா கண்ணைத் திறக்கிறாள். கயிற்றிலிருந்து நழுவி இறங்கி, குவியலைச் சுற்றி ஓடுகிறாள். பின்பக்கம் எட்டிப் பார்க்கிறாள். "எம்மா, அப்பா எங்க?"

சிரிப்பு நின்றுவிடுகிறது. காற்று பாத்தித் தண்ணீரைச் சுருக்கிக்கொண்டு போகிறது. லூர்துமேரி கயிற்றை அவிழ்க்கவில்லை. கை நீட்டி மகளை மேலே இழுத்துக்கொள்கிறாள். "இன்னும் எறங்கலடி கண்ணு. பொன்னம்மா அக்கா பொய் சொல்லுது. கண்ண மூடிக்க."

பொன்னம்மாள் பலகையை எடுத்து, மெதுவாக, மறுபடி உறுமத் தொடங்குகிறாள்.